கவாத்துக்காரருக்கு ஒரு குறிப்பாணை

அடுத்த வீட்டுக்காரரின் மரமோ கொடியோ நம் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், முதலில் அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் அசையாவிட்டால், நம் பக்கம் நீட்டியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். இதுதான் முறை. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். எல்லைத் தகராறு என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த எத்தனையோ பேரை இதைச் சொல்லியே உட்கார வைத்திருக்கிறேன்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. செடி நம் வீட்டுக்குள்ளேயே தன் பாட்டுக்கு நிற்கிறது; அடுத்த வீட்டுக்காரர் சுவர் ஏறிக் குதித்து வந்து அதை மொட்டையடித்துவிட்டுப் போகிறார். அப்போது என்ன செய்வது என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. முறை வகுத்தவர்கள் கவாத்துக்காரரைப் பார்த்ததில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துக்காரரின் கத்திரி படாத செடி ஒன்று உண்டென்றால், அது இன்னும் முளைக்காத செடியாகத்தான் இருக்கும்.

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் பாதியில் இறங்க வேண்டிய ஊர் எங்களுடையது. வீட்டைச் சுற்றிப் பத்தடி இடம் விட்டுக் கட்டிய தெரு. எனக்கு அடுத்த வீட்டுக்கு, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் குடிவந்தார். அவருடைய அப்பாதான் கவாத்துக்காரர். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் நாற்பது வருடம் கவாத்து வெட்டியவர். கொடியில் இலை, தளிர் எல்லாவற்றையும் கழித்துக் குச்சி குச்சியாக நிறுத்துவதுதான் கவாத்து. பார்க்கிறவனுக்குக் கொடி செத்துவிட்டதென்றே தோன்றும். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவுக்குக் கணு துளிர்க்கும். துளிரோடு பூங்கொத்தும் வரும். தோட்டத்து வேலையிலிருந்து அவரும் என்னைப் போலவே ஓய்வு பெற்றவர்தான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவர் கத்திரியை மூடவில்லை. இடுப்பில் செருகியே வைத்திருப்பார். அவர் உட்காரும்போது நாம்தான் பயப்பட வேண்டும்.

உலகத்தில் உள்ள எல்லாச் செடியும் அவருக்குத் திராட்சைதான். சில செடிகளுக்கு அந்த விஷயம் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வந்த முதல் வாரத்திலேயே தெருமுனை டீக்கடையின் வேப்பங்கிளையைக் கழித்தார். நிழலுக்காகவே அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பேர் கடை மாறினார்கள். பிள்ளையார் கோயில் அரளியை வெட்டினார். பூசாரி ஓடி வந்து, "யோவ், சாமி செடிய்யா அது!" என்று கத்தியதற்கு, "சாமி செடின்னா பூக்க வேணாமா? நீரு தெனம் பூவ வெலைக்குல்ல வாங்குறீரு" என்று கேட்டார். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, மூலையில் இருந்த பிளாஸ்டிக் செடியில் ஒரு கிளையை நறுக்கினார். வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டாராம்: "பாவம், சாறே இல்ல. எம்புட்டு நாளா காயப் போட்டாகளோ."

காயப் போடுவது என்பது அவருடைய இரண்டாவது ஆயுதம். கவாத்துக்குப் பத்து நாள் முன்னால் கொடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் கட்சி. செடி ஏங்க வேண்டுமாம்.

"சொகுசு குடுத்தா இலையாத்தான் விடும், ஆபீசரய்யா. ஏங்க விட்டு வெட்டுனாத்தான், அடடா இனி நம்ம பொழைக்கணும்னு காய வெளிய தள்ளும். ஆளுகளும் அப்படித்தான். உங்களயே எடுத்துக்கங்க."

"என்னை எதற்கு எடுக்க வேண்டும்?"

"பென்சன் வருது. காலா காலத்துல சோறு வருது. என்ன காய்ச்சீக?"

சுவருக்கு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, காலை ஏழு மணிக்கு, பல்குச்சியைக் கடித்தபடி ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா இது? என் மனைவி சரோஜா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவளுக்கு அவர் 'அண்ணே'. அவருக்கு அவள் 'ஆத்தா'. அந்தக் கூட்டணியில் எனக்கு இடமில்லை.

என் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லைச் சுற்றி இருக்கிற இடம்தான். செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு பப்பாளி. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. எதற்கு எந்தக் கிழமை எத்தனை குவளை தண்ணீர் என்று ஒரு பதிவேடு உண்டு. பேரூராட்சிக் குழாயில் கோடையில் நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். தோட்டத்துக்கு அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், தரை துடைத்த தண்ணீர். அதை ஒரு தொட்டியில் சேர்த்து, மெல்லிய குழாய் போட்டு, செடிக்குச் செடி சொட்ட விட்டிருந்தேன்.

இவற்றுக்கெல்லாம் மேலே, கம்பிப் பந்தல் முழுக்கப் படர்ந்து நின்றது ஒரு பன்னீர் திராட்சைக் கொடி. நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் மாலையோடு கொடுத்த கன்று அது. மூன்று வருடத்தில் ஒரு பழம் விடவில்லை. எனக்கு அது குறையாகப் படவும் இல்லை. சித்திரை வெயிலில் பள்ளத்தாக்கே தோசைக்கல்லாகக் காயும்போது, என் பின்கட்டில் மட்டும் பச்சை வெளிச்சம். பதினோரு மணிக்கு அந்த நிழலில் நாற்காலியைப் போட்டு, பேப்பரை முதல் எழுத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படிப்பேன். ஓய்வுக்குப் பிறகு என் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே அலுவலகம் அந்த நிழல்தான்.

கவாத்துக்காரர் அந்தக் கொடியை முதன்முதலில் பார்த்தபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னய்யா இது, இலைக்கு மேல இலை! ஆபீஸ்ல ஃபைலு சேத்த மாதிரி சேத்து வச்சிருக்கீக. ஒண்ணாவது முடிஞ்சிருக்கா?"

"நிழலுக்காக வைத்திருக்கிறேன்."

"நெழலுக்குக் கொட்டகை போடுங்க. இது பெத்த பிள்ளையப் பாயாப் போட்டுப் படுத்த கணக்கால்ல இருக்கு."

கொடியைத் தொடக் கூடாது என்று அன்றே தெளிவாக, வாய்மொழியாக, சாட்சியின் முன்னிலையில் சொன்னேன். சாட்சி சரோஜா. அது பிறழ் சாட்சியாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்திரை பாதியில் என் சொட்டுக் குழாயில் தண்ணீர் வருவது நின்றது. தொட்டி நிறைய இருக்கிறது, குழாயில் சொட்டு இல்லை. கழுவினேன், ஊதினேன், பேரூராட்சி ஆட்கள் தெருவில் குழி தோண்டியபோது அடியில் எதையோ நசுக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். என் வீட்டுத் தொட்டிக்கும் தெருக் குழிக்கும் சம்பந்தமில்லை என்பது, மனு எழுதுகிற சுகத்தில் மறந்துவிட்டது. பேரூராட்சிக்கு மூன்று பக்கத்தில், வரைபடத்தோடு, மனு எழுதினேன். மூன்றாம் நாளே ஃபிட்டர் வந்துவிட்டார். முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் இப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. அவமானப்பட வேண்டிய நேரத்தில் மட்டும் அரசாங்கம் பறந்து வரும்.

ஃபிட்டர் குழாயைத் தடவிக்கொண்டே போய் சுவரோரம் குனிந்தார்.

"சார், இங்கன பாருங்க. பைப்ப மடிச்சு வாழ நாருல கட்டி வச்சிருக்காக."

நல்ல முடிச்சு. பந்தல் கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு. ஃபிட்டர் என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவருக்கு மேலே கவாத்துக்காரரின் தலை தெரிந்தது. "அவுத்துறாதீக. இன்னும் நாலே நாளு."

"எதற்கு நாலு நாள்?"

"சும்மா ஒரு இதுக்குத்தான்."

அந்த 'இது' என்ன என்று அன்றே தோண்டித் துருவியிருக்க வேண்டும். குழாயை அவிழ்த்துவிட்டு, கோபத்தில் உள்ளே போய்விட்டேன். மறுநாள் முடிச்சு மறுபடியும் இருந்ததா என்று பார்க்கவில்லை. இருந்திருக்கிறது.

நாலாம் நாள் சனிக்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். சரோஜா குச்சனூர் போக வேண்டும் என்றாள். சனீஸ்வரருக்கு எள் தீபம் போட்டுவிட்டு வந்தால் என் முன்கோபம் குறையும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. பஸ்ஸில் நின்றபடி போய், வரிசையில் நின்று கும்பிட்டு, சுடுமணலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, பன்னிரண்டரை மணிக்கு வீடு திரும்பினோம். சனீஸ்வரரைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. அவர் என் வீட்டுப் பின்கட்டில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார்.

பின்கட்டில் நிழல் இல்லை. வெயில் இருந்தது. பந்தலில் கம்பியும், கம்பியில் குச்சியும் இருந்தன. தரையில் முழங்கால் உயரத்துக்கு இலை. செம்பருத்தி ஒரு சாண். மல்லிகை அரைச் சாண். கறிவேப்பிலை விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டது போல. பப்பாளிக்கு உச்சியே இல்லை.

"யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது நாகரிகத்துக்காக எழுதுவது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"நீங்க குச்சனூர் போனது நல்லதாப் போச்சு. இருந்திருந்தா குறுக்க பேசியிருப்பீக."

"இது அத்துமீறல்! இறங்குங்கள் கீழே!"

"ரெண்டே குச்சிய்யா. ஏணி ஆடுது, செத்தப் பிடிங்க."

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்துமீறல், சொத்துக்குச் சேதம் விளைவித்தல், நல்லெண்ணத்தைத் துஷ்பிரயோகம் செய்தல் என்று ஒவ்வொன்றாக நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், என் இரண்டு கைகளும் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நான் கவனிக்கவில்லை.

"ஏங்க," என்றாள் சரோஜா, வெறும் பந்தலைப் பார்த்து. "வத்தல் போட நல்ல வெயிலு விழுது."

அன்று சாயங்காலமே ஒரு கோப்பு திறந்தேன். எங்கள் துறையில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் ஆயுளையும் எழுத வேண்டும். 'எல்.டிஸ்.' என்று முடித்தால் ஒரு வருடம் வைத்திருந்து அழித்துவிடலாம். 'ஆர்.டிஸ்.' என்றால் நிரந்தரமாகக் காப்பாற்ற வேண்டும். பட்டா, நில அளவை போன்ற பெரிய விஷயங்களுக்குத்தான் ஆர்.டிஸ். இந்த அற்ப விஷயத்துக்கு எல்.டிஸ். போதும் என்று அட்டையிலேயே பென்சிலால் குறித்துவிட்டு, குறிப்பாணையை எழுதினேன்.

"தங்கள் மீது ஏன் மேல்நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான எழுத்துப்பூர்வமான விளக்கத்தை, இக்குறிப்பாணை கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் அளிக்குமாறு..."

எழுதும்போதுதான் அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. டீக்கடையில் கேட்டேன். "கவாத்துக்காரருதான்." பூசாரியிடம் கேட்டேன். "அந்த ஆளா? எளவெடுத்த கவாத்து." கடைசியில் 'பெறுநர்: திரு. கவாத்துக்காரர்' என்றே எழுதி, தபால் ஆபீஸுக்கு ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடந்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தேன். அவர் வீடு என் வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு. ஆனால் கையில் கொடுத்தால் சட்டப்படி நிற்காது.

மூன்றாம் நாள் தபால்காரர் வந்தார். கவாத்துக்காரர் கையெழுத்துப் போட்டார்; தபால்காரருக்கு மோர் கொடுத்தார்; அவர் சைக்கிள் கூடையில் சொருகியிருந்த ஒரு பூச்செடியின் நுனியை நறுக்கினார். ஒப்புகை அட்டை என் கைக்கு வந்தபோது, அதிலிருந்த கையெழுத்து கம்பியைத் தேடுகிற கொடிச் சுருள் மாதிரி இருந்தது. பெயர் என்னவென்று அதிலிருந்தும் தெரியவில்லை.

சுவருக்கு மேல் தலை வந்தது.

"லெட்டரு வந்துச்சு ஆபீசரய்யா. மகள வாசிக்கச் சொல்லி ரெண்டு தடவ கேட்டேன். நல்லா எழுதியிருக்கீக."

"விளக்கம் எங்கே?"

"வரும்."

"பதினைந்து நாள்தான் அவகாசம்."

"பத்தாதுய்யா. நூத்திப் பதினஞ்சு, நூத்தி இருவது நாளு ஆகும். கொடிய யாரும் வெரட்ட முடியாது."

விளக்கத்துக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சுவர் ஏறி இந்தப் பக்கம் வந்தார். என் தொட்டிக் குழாயின் முடிச்சை அவரே அவிழ்த்தார். "இப்ப விடுங்க தண்ணிய. இப்பத்தான் அதுக்குத் தாகம் தெரியும்."

அந்தக் கோடையை நான் குடை பிடித்துக்கொண்டு கழித்தேன். இதில் மிகையில்லை. பதினோரு மணிக்குப் பழக்க தோஷத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிடுவேன். உட்கார்ந்தால் நாற்காலி சுடும். ஒரு கையில் குடை, ஒரு கையில் பேப்பர். பக்கத்தைத் திருப்ப மூன்றாவது கை இல்லை. சுற்றிலும் சரோஜாவின் மோர்மிளகாய், வெங்காய வடகம், சுண்டைக்காய். வத்தலோடு வத்தலாக நானும் காய்ந்தேன். பாத்திரம் அலசிய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து குச்சிகளுக்கு ஊற்றினேன். செத்த கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் ஊற்றாமல் இருந்து அது செத்தால், "நீங்க ஊத்தல, அதான்" என்று அவர் சொல்லிவிடுவார். அந்த வாய்ப்பை நான் கொடுக்கத் தயாராக இல்லை.

தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கையை நீட்டி, எட்டுகிற குச்சியின் கணுவைக் கட்டைவிரலால் தடவுவார். "இன்னும் உறக்கந்தான்" என்பார். அவர் போன பிறகு நான் பூதக்கண்ணாடியோடு போய் அதே கணுவைப் பார்ப்பேன். பதினைந்து நாள் முடியக் காத்திருக்காமல் முதல் நினைவூட்டு அனுப்பினேன், பதிவுத் தபாலில்.

வெட்டிய பன்னிரண்டாம் நாள் காலை, கீழிருந்து மூன்றாவது கணுவில், அரிசி முனை அளவுக்கு ஏதோ ரோஸ் நிறத்தில் இருந்தது. தூசி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. சரோஜாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சுவருக்கு மேல் தலை ஏற்கெனவே இருந்தது.

"சத்தம் போடாதீக," என்றார் கவாத்துக்காரர், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் குரலில். "முழிக்குது."

ஒரு வாரத்தில் கொடி முழுக்கத் துளிர். துளிருக்கு அடியில், கடுகைக் கொத்தாகக் கோத்தது போல் பூங்கொத்து. இருபத்தேழு கொத்துகளை எண்ணி, பதிவேட்டில் வரிசை எண் போட்டேன். மல்லிகை அந்த வருடம் போல் பூத்ததில்லை. சரோஜா தெருவுக்கே கொடுத்தாள். கறிவேப்பிலை புதர் போல் கிளம்பியது. அதற்காக எல்லாவற்றிலும் அவர் செய்தது சரி என்று எழுதிவிட மாட்டேன். பப்பாளி செத்துப்போயிற்று. அதைச் சுட்டிக்காட்டி இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன்.

"பப்பாளி செடியே இல்ல ஆபீசரய்யா," என்றார். "அது ஒசரமா வளந்த கீரை." ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனி மாதம் காய் மிளகு அளவாகி, பட்டாணி அளவாகி, பச்சையாகத் தொங்கியது. இலையும் திரும்ப வந்துவிட்டது. பழைய அளவுக்கு இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் போட்டால் தலைக்கு மட்டும் நிழல் கிடைக்கும். கொத்தை மறைக்கிற இலையைக் கிள்ள வேண்டும் என்று அவர் தினமும் சுவர் ஏறி வந்தார். நான் தினமும் ஆட்சேபித்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்சேபித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகளுக்கு, பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் லோயர் கேம்ப்புக்கு மாற்றல் வந்தது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்ற மாட்டார்கள். ஆகவே ஆனி கடைசி நாளுக்கு முந்தின நாள், அவசர அவசரமாக டெம்போ வந்து நின்றது. நான் வாசலில் நின்று, அண்டாவை மேலே கட்டாதே, பீரோவைப் படுக்க வைக்காதே என்று முறையாக யோசனைகள் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கவாத்துக்காரரைக் காணோம். பின்கட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஏணி மேல் இருந்தார்.

"கருப்பு ஏறுறப்ப தண்ணியக் கொறைச்சிருங்க. கிளி வரும், வலை கட்டுங்க. மனசு எரங்கி ஒரு வாளி கூட ஊத்தீராதீக, பழம் வெடிச்சிரும்."

"விளக்கம் இன்னும் வரவில்லை," என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"வரும்யா."

இறங்கினார். சரோஜா ஒரு டப்பாவில் அந்தக் கோடையின் வத்தலைக் கொடுத்தாள். "நல்ல வெயிலுண்ணே, எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள். டெம்போ போன பிறகு பார்த்தேன். எங்கள் வாசல் குரோட்டன்ஸில் ஒரு கிளை குறைந்திருந்தது.

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் நல்ல மனிதர்கள். தொட்டியில்கூட ஒரு செடி வைக்கவில்லை. சுவர்ப் பக்கம் வருவதில்லை. காலையில் ஏழு மணிக்கு யாரும் என்னை, என்ன காய்த்தாய் என்று கேட்பதில்லை. புகார் எழுத ஒன்றுமே இல்லை. சில வாரம் பேனாவில் மை காய்ந்து கிடந்தது.

கிளி வந்தது. வலை கட்டினேன். ஏணியில் நானே ஏறினேன், அது ஆடியது, கீழே பிடிக்க யாருமில்லை. சரோஜா, "அண்ணே இருந்தா இந்நேரம்..." என்று தொடங்கினாள். "தெரியும்" என்றேன். மூன்றாம் நினைவூட்டை லோயர் கேம்ப் முகவரிக்கு அனுப்பினேன். விளக்கம் கேட்பதாகத்தான் ஆரம்பித்தது. கடைசிப் பத்தியில், ஒன்பதாம் எண் கொத்தில் இரண்டு பழம் மட்டும் சிவப்பாகவே நிற்கிறது, அது இயல்பா என்று கேட்டிருந்தேன். அரசு நடைமுறையில் நினைவூட்டுக் கடிதத்தில் புதுப் பொருளைச் சேர்க்கக் கூடாது. தெரிந்தேதான் சேர்த்தேன்.

கொடி கருத்தது. ஒரு வாளி ஊற்றலாமா என்று மனசு இரங்கிய ஒவ்வொரு நாளும் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். வெட்டிய நாளிலிருந்து நூற்றுப் பத்தொன்பதாம் நாள் முதல் கொத்தை அறுத்தேன். தேன் என்று எழுத மாட்டேன். லேசான புளிப்பு இருந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். பூசாரி இரண்டாவது கொத்து கேட்டார்.

அதே வாரம் தபால்காரர் வந்தார். "சார், ஒப்புகை அட்டையோட ஒரு ரிஜிஸ்டர்." என் வாழ்க்கையில் நான் அனுப்பியவை ஏராளம், எனக்கு இப்படி வந்தது இதுதான் முதல். அனுப்புநர் இடத்தில் 'கவாத்து, லோயர் கேம்ப்' என்று மட்டும் இருந்தது. உள்ளே, மகளின் கையெழுத்தில், அவருடைய வாய்:

"பார்வை: உங்க மெமோ. நினைவூட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஒண்ணு. வெட்டுனது உண்மை.

ரெண்டு. ஏன் வெட்டுனேங்கிற வெளக்கம் இந்நேரம் பந்தல்ல கருத்துத் தொங்கும். வாயில போட்டுப் பாத்துக்கிறவும்.

மூணு. ஒம்பதாம் நம்பர் கொத்துக்கு வெயில் படல, அதான். பக்கத்து இலையக் கிள்ளவும்.

நாலு. பப்பாளிக்கு வருத்தந்தான்.

அஞ்சு. கொடிக்கு இனி ஒரு மாசம் ஓய்வு. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை அடுத்த கவாத்து. நானே வர்றேன். மொறைப்படி முன்கூட்டியே எழுத்து மூலமாத் தெரிவிச்சிட்டேன், அவகாசமும் குடுத்திட்டேன். பத்து நாளைக்கு முன்னாடி தண்ணியக் காயப் போட்டு வைக்கவும். அன்னிக்கு நீங்க குச்சனூர் போயிருங்க."

மூன்று தடவை படித்தேன். எழுத்து மூலம் தெரிவித்தல் இருக்கிறது. நியாயமான அவகாசம் இருக்கிறது. ஆட்சேபிக்க ஓரிடம் இல்லை.

நான் குச்சனூர் போகப் போவதில்லை. அந்த ஏணி ஆடும். யாராவது பிடிக்க வேண்டும்.

கோப்பை எடுத்து, அட்டையில் பென்சிலால் இருந்த எல்.டிஸ்.ஸை ரப்பரால் அழித்தேன். மையால் ஆர்.டிஸ். என்று எழுதினேன். அதற்குக் கீழே, நடைமுறைப்படி: விளக்கம் வரப்பெற்றது, முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆவணி இருபத்திரண்டு.